மலம்புழாவில் ஒரு சனிக்கிழமை
(நமது கிளையின் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"லீவுக்குப் போன இடத்தில் நடந்த ஏதாவது ஒரு சுவையான சம்பவத்தைப் பத்து நிமிஷம் பேசுங்கோ மாமி" என்று செயலாளர் கேட்டார். சுவையான சம்பவம் என்று சொல்ல முடியாது. ஆனால் பேச வேண்டிய சம்பவம் ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் எங்கள் குடும்பத்துக்கு வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன்.

என் மாமனார் கல்பாத்தியில் 1940-ல் பிறந்தவர். அந்தக் காலத்துப் பாலக்காட்டுப் பிள்ளைகள் பலரையும்போல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் இரண்டையும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறியவர். மாட்டுங்காவில் ஒரே அறையில் ஆறு பேராக இருந்து, படிப்படியாக உயர்ந்து ஓய்வு பெற்றார். கல்பாத்தி வீட்டை எழுபதுகளிலேயே விற்றாகிவிட்டது. இருந்தாலும் வாய்க்கு வாய் "எங்க ஊர், எங்க புழை" என்பார்.

2018-ல் அவருக்கு மறதி நோய் தொடங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். டிமென்ஷியா என்கிறார்களே, அதுதான். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனார் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "குடும்பத்தில் மூளை சம்பந்தமா ஏதோ இருக்காம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதாதா? யாராவது கேட்டால் "வயசாச்சு, கொஞ்சம் ஞாபக மறதி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவோம். இந்த ஹாலில் அப்படிச் சிரித்துச் சமாளிக்கும் வீடுகள் இன்னும் சில இருக்கலாம். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

2019 மே மாதம், நினைவு நன்றாக இருக்கும்போதே அப்பாவுக்கு ஊரைக் காட்டிவிடலாம், குழந்தைகளுக்கும் ஒரு மாறுதல் என்று கிளம்பினோம். பாலக்காட்டில் இரண்டு நாள். பிறகு பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக இடுக்கி ஜில்லாவில் மூணாறு. திரும்பவும் பாலக்காடு வந்து பம்பாய்க்கு ரயில். இதுதான் திட்டம்.

சனிக்கிழமை காலை மலம்புழா போனோம். அணையைப் பார்த்ததும் அப்பா குஷியாகிவிட்டார். 1955-ல் காமராஜர் வந்து திறந்து வைத்தபோது இவருக்குப் பதினைந்து வயது. மலபார் அப்போது சென்னை ராஜ்யத்தில் அல்லவா இருந்தது! கூட்டத்தோடு நடந்தே வந்து பார்த்ததைப் பேரன் பேத்திகளுக்கு விஸ்தாரமாகச் சொன்னார். தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் செய்த பிரம்மாண்டமான யக்ஷி சிலை இருக்கிறது. அதைத் தாண்டும்வரை என் மாமியார் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். "இது கலை அம்மா" என்று என் கணவர் சொன்னதற்கு, "இருக்கட்டும், வெயில் கண்ணைக் கூசறது" என்றார்.

பிறகு குழந்தைகள் ஆவலோடு காத்திருந்த கேளிக்கைப் பூங்கா. என் கணவர் குழந்தைகளோடு தண்ணீர்ச் சறுக்குக்குப் போனார். மாமியார் கைகால் கழுவப் போனார். "அப்பாவை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவள் நான். சொல்லிவிட்டுக் குழந்தைகளுக்குத் தின்பதற்கு ஏதோ வாங்க வரிசையில் நின்றேன். பில் போட்டு, சில்லறை எண்ணி, திரும்பிப் பார்த்தால் பெஞ்ச் காலி. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் இருந்தது.

அடுத்த நாலு மணி நேரத்தை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. பூங்கா ஊழியர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள். போலீஸிலும் சொன்னோம். மே மாதத்துப் பாலக்காட்டு வெயில் உங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் நீர்த்தேக்கம். நினைப்பு எங்கெங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் போயிற்று. என் கணவர் என்னை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. மாமியார் மட்டும் ஒரு தடவை, "நீ பாத்துக்கறேன்னு சொன்னியேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

மூன்றரை மணிக்குப் போலீஸிலிருந்து போன் வந்தது. "ஆள் கல்பாத்தியில் பத்திரமாக இருக்கிறார்."

மலம்புழாவிலிருந்து கல்பாத்தி எட்டு ஒன்பது கிலோமீட்டர். எப்படிப் போனார்?

ஓடினோம். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் லாட்டரிச் சீட்டுப் பலகையோடு, காலுக்குச் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய செருப்பு அப்பா காலில் இருந்தது.

நடந்தது இதுதான். அணைப் பக்கம் லாட்டரி விற்றுக்கொண்டிருந்த அவர், தார் ரோட்டில் வெறுங்காலோடு ஒரு கிழவர் வேகமாக நடந்து போவதைப் பார்த்திருக்கிறார். செருப்பை எங்கே விட்டாரோ, இன்றுவரை தெரியாது. "சாமி எவிடேக்கா?" என்று கேட்டதற்கு, "ஆத்துக்குப் போணும், கல்பாத்திக்கு. அம்மா தேடுவா" என்றாராம் அப்பா. அப்பாவின் அம்மா காலமாகி நாற்பது வருஷம் ஆகிறது. போலீஸ் ஸ்டேஷன் என்று சொன்னதும் நடுங்கி அழுதிருக்கிறார். சரி, சாமி போக வேண்டும் என்கிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போகலாம், அங்கே யாருக்காவது தெரியாமலா போகும் என்று பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்.

பழைய கல்பாத்தி, புதுக் கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று ஒவ்வொரு தெருவாக, "இந்தச் சாமியை அறியுமோ?" என்று வாசல் வாசலாகக் கேட்டிருக்கிறார். பல வீடு பூட்டியிருந்தது. திறந்த வீடுகளில் தெரியாது என்றார்கள். நடுவில் புழைப் படித்துறையில் உட்கார வைத்துக் காலைக் கழுவி, மோரும் பழமும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கடைசியில் ஒரு திண்ணையில் இருந்த பெரியவர், அப்பா தன் தகப்பனார் பெயரைச் சொன்னதைக் கேட்டு, "இன்னாரோட பிள்ளையா நீ!" என்று அடையாளம் கண்டு, போலீஸுக்குப் போன் செய்ய வைத்தார்.

என் மாமியார் அந்த மனிதரைப் பார்த்துக் கை கூப்பினார். பிறகு முதலில் கேட்டது என்ன தெரியுமா? "மோர்ல உப்பு போட்டிருந்தாளா? அவருக்கு பிரஷர் இருக்கே!" அந்த நிமிஷத்தில் எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அழுதுவிட்டேன்.

என் கணவர் பணம் எடுத்துக் கொடுத்தார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பைசா வேண்டா, சாரமில்ல" என்றார். அப்போதுதான் பலகையைக் கவனித்தேன். நாற்பது சொச்சம் சீட்டு அப்படியே இருந்தது. கேரள லாட்டரி பற்றித் தெரிந்தவர்களுக்குப் புரியும். தமிழ்நாட்டில் 2003-ல் தடை செய்துவிட்டார்கள். அங்கே 1967-லிருந்து அரசாங்கமே நடத்துகிறது. குலுக்கல் பிற்பகல் மூன்று மணிக்கு. விற்பவர் ஏஜென்டிடம் காசு கொடுத்து வாங்கி வருகிற சீட்டு, மூன்று மணிக்குள் விற்காவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. நஷ்டம் அவருக்குத்தான். "அந்தச் சீட்டையாவது நாங்க வாங்கிக்கறோம்" என்றோம். "மூணு மணி கழிஞ்ஞில்லே, இனி இது வெறும் கடலாஸு. கடலாஸுக்குப் பைசா வாங்கலாமோ?" என்று சிரித்தார்.

"ஏன் இவ்வளவு சிரமப்பட்டேள்?" என்று என் கணவர் கேட்டார். பாலக்காட்டுத் தமிழும் மலையாளமும் கலந்து அவர் சொன்னது இதுதான். அவருடைய அச்சனும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருந்தாராம். ஒருநாள் காணாமல் போனவரைத் திருச்சூரிலிருந்து யாரோ ஒருவர் பஸ்ஸில் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாராம். "அந்த ஆளோட பேருகூட எனிக்கு அறியில்லா" என்றார். பிறகு அப்பாவின் காலிலிருந்த செருப்பைத் திருப்பி வாங்காமல், வெறுங்காலோடு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார்.

மறுநாள் மூணாறு போவதா என்று தயங்கினோம். அப்பாவுக்கு முதல் நாள் நடந்தது எதுவுமே நினைவில்லை. "ஏன் கிளம்பலை?" என்று அவரே கேட்டார். சின்னாறு காட்டைத் தாண்டி மலை ஏறும்போது அவர் கையை நான் விடவே இல்லை. திரும்பும் வழியில் மறையூரில் வெல்லம் வாங்கினோம். அந்த வருஷம்தான் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. மாமியார் இரண்டு கிலோ தனியாகக் கட்டச் சொன்னார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

பாலக்காடு வந்ததும் ரயிலுக்கு முன் மலம்புழா போய் அவரைத் தேடிப் பிடித்தோம். புதுச் செருப்பும் ஒரு ஜோடி வாங்கியிருந்தோம். செருப்பைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டார். வெல்லத்தை மாமியார் தன் கையால் நீட்டியதும், "இது ஞான் எடுக்காம்" என்று வாங்கிக்கொண்டார். மாமியார் அவரிடம், விற்காமல் போன அந்த சனிக்கிழமைச் சீட்டு ஒன்று இருந்தால் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமைச் சீட்டின் பெயர் 'காருண்யா'. ஏழைகளின் வைத்திய உதவிக்காக 2011-ல் ஆரம்பித்தது. நான் கதைக்காகச் சொல்லவில்லை, பெயரே அதுதான். அப்பா 2021-ல் காலமானார். அந்தச் சீட்டு இன்றும் எங்கள் ஸ்வாமி அலமாரியில் இருக்கிறது.

அந்த மண்ணில் இது புதிதல்ல. 2018 வெள்ளத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் சொந்தப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, முன்பின் தெரியாதவர்களைக் காப்பாற்றினார்கள். 2022 பிப்ரவரியில் இதே மலம்புழாவின் செராடு மலை இடுக்கில் ஓர் இளைஞர் நாற்பது மணி நேரத்துக்கு மேல் சிக்கியிருந்தபோது, வெலிங்டனிலிருந்து ராணுவ வீரர்கள் வந்து மீட்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். இன்னும் பின்னால் போனால், நம் கதையே அப்படித்தான். காசியிலிருந்து பாணலிங்கம் கொண்டுவந்த லக்ஷ்மி அம்மாள் என்ற விதவைக்கு, பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சன் 1425-ல் கோயில் கட்ட இடம் கொடுத்தார் என்பது கல்பாத்தி ஸ்தல வரலாறு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு கணவாய் வழியாக வந்த நம் முன்னோர்களை, யார் நீ என்று விரட்டாமல் இருக்க இடம் கொடுத்த ஊர் அது.

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மலம்புழா பயணத்துக்கு முந்தைய வருஷம், தாதர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஒன்பது கஜப் புடவை கட்டிய ஒரு பாட்டி போகிற வருகிறவர்களிடம் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார். என் புடவையைத் தொட்டு, "கோந்தே, ஆத்துக்கு எப்படிப் போறது?" என்றார். எனக்கு 6.12 லோக்கல் போய்விடும். "அங்க போலீஸ்காரர் இருக்கார், கேளுங்கோ பாட்டி" என்று கையைக் காட்டிவிட்டு ஓடினேன். வண்டியும் கிடைத்தது. வீட்டுக்குப் போய் காபி கலந்து குடித்தேன். கல்பாத்தித் திண்ணையில் அந்த வெறுங்காலைப் பார்த்தபோதுதான் அந்தப் பாட்டியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நமக்கெல்லாம் ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர், எந்தத் தெரு, யாராத்துப் பிள்ளை என்று விசாரிக்கத் தெரியும். அவர் விசாரித்தது வீட்டைக் கண்டுபிடிக்க. அன்று நான் அதைக்கூட விசாரிக்கவில்லை.

நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அதில் நம் வீடுகளும் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள். எங்கள் அப்பாவின் சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் அந்த மனிதர் பத்து நிமிஷத்தில் எங்களைக் கூப்பிட்டிருப்பார். நோயை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே என்று நாங்கள்தான் வைக்கவில்லை. முதியோர் உதவிக்கு 14567 என்ற நம்பரும், அவசரத்துக்கு 112-ம் இருக்கின்றன. இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு சீட்டு எழுதிப் பெரியவர்களின் பையில் வையுங்கள். நாத்தனார் பெண்ணுக்கு, எல்லாவற்றையும் சொல்லியே, நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த லாட்டரிக்காரரிடம் கிளம்பும்போது, "உங்க கடனை எப்படித் தீர்ப்போம்?" என்று மாமியார் கேட்டார். அவர் சொன்னது, "எனிக்கு அல்ல அம்மே. வேற ஆரெங்கிலும் வழியில் நிக்கும்."

யாராவது வழியில் நிற்பார்கள். அன்றிலிருந்து ஸ்டேஷனில் நான் கொஞ்சம் மெதுவாக நடக்கிறேன். இரண்டு தடவை வண்டியைத் தவறவிட்டிருக்கிறேன். சாரமில்லை.