தந்தியைத் தொடும் சிறு துண்டு

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு, பழைய மாணவியர் சங்கம் பாடசாலையின் இசை அறைக்கு கிட்டார்களையும் மண்டலின்களையும் கையளித்த வேளையில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வாத்தியங்களைக் கையளிக்கும் நாளில் வாத்தியங்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நாங்கள் அவற்றோடு வந்திருக்கும் ஒரு சின்னத் தகரப் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதற்குள் இருப்பவை தந்திகளை மீட்டும் பிக்குகள். விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய துண்டுகள்தாம். ஆனால் ஒரு பிள்ளை இரண்டாம் தவணையிலும் கிட்டாரைத் தொடுவாளா, அல்லது 'எனக்குக் கை வராது' என்று சுவரில் மாட்டிவிடுவாளா என்பதை அந்தத் துண்டும் தீர்மானிக்கிறது.

தோட்டத்திலிருந்து நடந்து வரும் ஒரு பிள்ளைக்குச் சொந்தமாக கிட்டார் கிடைப்பது எளிதல்ல. பாடசாலை வாத்தியத்தில் வாரத்துக்கு ஒரு பாடவேளைதான் அவளுக்குக் கிடைக்கும். அந்த நாற்பது நிமிடத்திலும் கையில் பொருந்தாத பிக் இருந்தால், தந்தி அலறும், பிக் நழுவும், விரல் நோகும். குறை கையில் அல்ல, கருவியில். அதை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், குறை தன்னிடம்தான் என்று அவள் நம்பிவிடுவாள்.

முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். வாத்தியத்தில் இருப்பது நைலோன் தந்தியா, உருக்குத் தந்தியா? நைலோன் தந்தி பூட்டிய கிட்டாருக்குப் பிக் தேவையில்லை, விரலே போதும். உருக்குத் தந்திக்குத்தான் பிக்.

அடுத்தது தடிப்பு. பெரும்பாலான பிக்குகளில் அது மில்லிமீற்றரில் அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக 0.6 மில்லிமீற்றருக்குக் குறைந்தவை மெல்லியவை, 0.6 முதல் 0.8 வரை நடுத்தரம். அதற்கு மேல் தடித்தவை. பாட்டுக்குத் துணையாக ஆறு தந்திகளையும் சேர்த்து வருடும் பிள்ளைக்கு 0.6 அல்லது 0.7 போதும். அது வளைந்து கொடுக்கும், தந்தியில் சிக்காது. ஒவ்வொரு ஸ்வரமாகத் தெளிவாக வாசிக்க விரும்புபவளுக்கு 0.9 அல்லது 1 மில்லிமீற்றர் வேண்டும். மெல்லியது அங்கே 'சடசட' என்று தன் சத்தத்தையே போடும்.

மண்டலின் வேறு கதை. அதில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு சோடிகள். வயலினைப் போலவே சுருதி கூட்டப்படும். தந்திகள் இறுக்கமானவை. மெல்லிய பிக்கால் தட்டினால் சோடியில் ஒன்று மட்டும் ஒலித்து மற்றது சும்மா நிற்கும். ஆகவே 1 முதல் 1.5 மில்லிமீற்றர் வரை தடிப்பும், சற்று உருண்ட நுனியும் கொண்ட பிக்கே மண்டலினுக்கு ஏற்றது. கிட்டாருக்கு வாங்கிய மெல்லிய பிக்கை மண்டலின் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, சத்தம் வரவில்லை என்று அவளைக் குறை சொல்வது நியாயமல்ல.

ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ், சிறுவனாகவே மண்டலினில் கர்நாடக இசையை வாசித்து உலகை வியக்க வைத்தார். அவர் சோடித் தந்திகளை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மண்டலினை எடுத்துக்கொண்டார். சோடித் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பது கடினம். ஒற்றைத் தந்தியில் ஒரு மீட்டலின் நாதம் நீண்டு நிற்க, இடக்கை அதற்குள் ராகத்தை வளைக்கும். 2014இல் அவர் மறைந்தார். வாத்தியத்துக்குத் தன்னை வளைப்பதோடு, தன் இசைக்கு ஏற்ப வாத்தியத்தையும் மாற்றலாம் என்ற பாடத்தை விட்டுச் சென்றிருக்கிறார். பிக் தெரிவதும் அந்தப் பாடத்தின் முதல் வரிதான்.

இனி, எதனால் செய்தது? ஒரு காலத்தில் மிகச் சிறந்ததென மதிக்கப்பட்டது அழுங்காமையின் ஓடு. அந்த ஓட்டுக்காகவே அவ்வாமைகள் பெருமளவில் கொல்லப்பட்டன. 1970களில் சர்வதேச உடன்படிக்கை அதன் வர்த்தகத்தைத் தடுத்தது. உலகின் ஏழு கடலாமை இனங்களில் ஐந்து நமது நாட்டுக் கரைகளுக்கு முட்டையிட வருகின்றன; அழுங்காமையும் அவற்றில் ஒன்று. அசல் ஆமை ஓட்டுப் பிக் என்று எவரேனும் காட்டினால், நம் பிள்ளைகள் அதை வாங்கக் கூடாது.

ஆமை ஓட்டுக்குப் பதிலாக வந்தது செலுலோயிட். பழுப்புப் புள்ளிகளோடு ஆமை ஓடு போலவே இருக்கும். இனிய சத்தம் தரும். ஆனால் எளிதில் தீப்பற்றும். விளக்கடியிலும் நுளம்புச் சுருளுக்குப் பக்கத்திலும் அதை வைக்க வேண்டாம். நைலோன் பிக் வளைந்து கொடுக்கும், நெடுநாள் உழைக்கும். வழுவழுப்பற்ற மங்கலான பிளாஸ்டிக்கில் வருபவை வியர்த்த கையிலும் நழுவாமல் நிற்கும்.

சிரட்டையையும் மறக்க வேண்டாம். வட இந்தியாவில் சரோட் வாத்தியத்தை இன்றும் சிரட்டையில் செய்த துண்டால் மீட்டுகிறார்கள். அது நமது குசினியிலேயே இருக்கும் பொருள். முற்றிய பெரிய தேங்காயின் சிரட்டையில், வளைவு குறைந்த பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி, அரத்தால் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்த்து, அரத்தாளால் மழித்து, ஒரு துளி தேங்காயெண்ணெய் பூசினால் மண்டலினுக்குக் கனிந்த சத்தம் தரும் பிக் தயார். கைப்பணிப் பாடவேளையில் பெரியவர்கள் முன்னிலையில் இதைச் செய்து பார்க்கலாம்.

தங்கைமாரே, எந்தப் பிக்கானாலும் விளிம்பைப் பாருங்கள். நகத்தை விளிம்போரமாக ஓட்டுங்கள். அச்சில் வார்த்த தழும்பு நகத்தில் தட்டுப்பட்டால் அது தந்தியிலும் தட்டுப்படும், கீச்சென்று கேட்கும். நல்ல கல்லும் பட்டை தீட்டாமல் ஒளிராது என்பது இரத்தினபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெல்லிய அரத்தாளில் நாலு தரம் இழுத்து, தடித்த துணியில் தேய்த்தால் மலிவான பிக்கும் திருந்திவிடும். நுனி ஒரு பக்கம் சரிந்து தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். நமது ஊர் மழைக்குத் தந்தி துருப்பிடிக்கும். துருத் தந்தி பிக்கை அரித்துவிடும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடையுங்கள்.

பிடிப்பதற்குப் பாடம் வெளியே தேட வேண்டாம். நம் அம்மாமார் கொழுந்து பறிப்பதைப் பாருங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து, நசுக்காமல், நழுவவிடாமல் பிடிக்கின்றன. இறுக்கினால் கொழுந்து கசங்கும், தளர்ந்தால் நழுவும். பிக்கும் அப்படித்தான். மடித்த சுட்டுவிரலின் பக்கத்தில் வைத்து, பெருவிரலால் மூடி, நுனி மட்டும் சிறிது வெளியே தெரியட்டும். அம்மாமாரின் விரல்களில் இருக்கும் அந்த நுட்பம் உங்கள் விரல்களிலும் இருக்கிறது. கை வராது என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

சங்கத்தின் சார்பில் ஒரு சிறு வேண்டுகோள். இசை கற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மெல்லியது, நடுத்தரம், தடித்தது என மூன்று பிக்குகளைக் கொடுங்கள். ஒரே பாட்டின் ஒரே வரியை மூன்றாலும் வாசிக்கட்டும். இரண்டு வாரம் கழித்து, தனக்கு எது என்று அவளே சொல்லட்டும். ஆசிரியை கேட்டுப் பார்த்து வழிகாட்டட்டும்; தெரிவு அவளுடையதாக இருக்கட்டும். தன் காதை நம்பித் தெரிவு செய்யப் பழகிய பிள்ளை, நாளை தன் படிப்பையும் தொழிலையும் தெரிவு செய்யத் தயங்கமாட்டாள்.

அக்காமாரே, வாத்தியம் வாங்கிக் கொடுப்பதோடு நமது கடமை முடிவதில்லை. தந்தி அறுந்து, பிக் தொலைந்து, அலுமாரிக்குள் கிடக்கும் கிட்டார் எவருக்கும் பயன் தராது. ஆண்டுதோறும் சந்தாவில் ஒரு சிறு பகுதியைத் தந்திக்கும் பிக்குக்கும் ஒதுக்குவோம். இந்தத் தகரப் பெட்டி வெறுமையாகாமல் பார்த்துக்கொள்வோம்.