வட்டிக்கு ராகுகாலம் உண்டா?

(வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "குடும்பப் பொருளாதாரம்" என்பதாகும். பகுத்தறிவுப் பிரசாரகனுக்கும் வரவு செலவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். கடன்பட்டவனுக்குத்தான் ஜோசியன் வேண்டியிருக்கிறது, பரிகாரம் வேண்டியிருக்கிறது, கோவிலுக்கு நேர்த்திக்கடன் வேண்டியிருக்கிறது. ஆதலால் கடனைப் பற்றிப் பேசுவதும் நம் வேலையேயாகும். நான் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டிற்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் செய்யுங்கள்.

முதலில் ஒரு சங்கதி. எனக்குத் தெரிந்த தோழர் ஒருவர் பாங்கியில் 20 லட்ச ரூபாய் கடன் வாங்கி வீடு கட்டினார். வட்டி நூற்றுக்கு 9, தவணைக் காலம் 20 வருஷம். மாதத் தவணை 17,995 ரூபாய். அந்த முதல் தவணையில் வட்டிக்குப் போவது எவ்வளவு தெரியுமா? 15,000 ரூபாய். அசலில் கழிவது 2,995 ரூபாய்தான். இருபது வருஷமும் ஒழுங்காகக் கட்டி முடித்தால் மொத்தம் சுமார் 43 லட்சத்து 19 ஆயிரம் ஆகிறது. அதாவது ஒரு வீட்டிற்கு இரண்டு வீட்டின் விலைக்கு மேல் கொடுக்கிறோம். இதை அவரிடம் சொன்னேன். "எல்லாம் தலையெழுத்து அண்ணே" என்றார். தலையில் எங்கே எழுதியிருக்கிறது? கடன் பத்திரத்தில் எழுதியிருக்கிறது, அதன் கீழே இவரே கையெழுத்தும் போட்டிருக்கிறார்!

அதே தோழர் கிரகப்பிரவேசம் செய்தார். வாஸ்து சரியில்லை என்று ஒருவன் சொல்ல, புதிதாய்க் கட்டிய சமையலறைச் சுவரை இடித்து மறுபடி கட்டினார். ஐயர் வந்தார், ஹோமப் புகை வந்தது, புது டைல்ஸ் தரையில் பசுமாடு வந்தது, அது தன் காரியத்தையும் அங்கேயே செய்தது. விருந்து, பந்தல், வந்தவர்களுக்கு வெற்றிலைப் பையோடு எவர்சில்வர் தட்டு. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்ச ரூபாய். இந்த ஒன்றரை லட்சத்தைக் கடன் தொடங்கிய உடனே அசலில் கட்டிவிட்டு, மாதத் தவணையை அப்படியே கட்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடன் 42 மாதம் முன்னதாகவே முடிந்திருக்கும். வட்டியில் மீதமாவது ஆறு லட்சத்துக்கு மேல். ஒரு நாள் கூத்துக்கு மூன்றரை வருஷத் தவணையை விலையாகக் கொடுத்திருக்கிறார் என்றால், அந்த ஹோமத்தில் எரிந்தது நெய் மட்டுமா தோழர்களே? வந்தவர்களுக்குச் சோறு போடுவதை நான் குறை சொல்லவில்லை. சிநேகிதர்களைக் கூப்பிட்டுக் காப்பி பலகாரம் கொடுத்து வீட்டைக் காட்டுவதற்கு ஐயாயிரம் ரூபாய் போதாதா என்றுதான் கேட்கிறேன்.

நிற்க. இப்போது புதிதாக ஒரு மோசடி கிளம்பியிருக்கிறது. "மைத்ர முகூர்த்தம்" என்று ஒன்றாம். அந்த நேரத்தில் அசலில் கொஞ்சம் கட்டினால் கடன் சீக்கிரம் அடைபடுமாம். பஞ்சாங்கத்திலும் போடுகிறார்கள், செல்போனிலும் அனுப்புகிறார்கள். இதில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. அசலில் கட்டினால் கடன் சீக்கிரம் அடையத்தான் செய்யும். அது முகூர்த்தத்தின் மகிமையல்ல, அசலின் மகிமை. செவ்வாய்க்கிழமை கட்டினாலும் அடையும், அஷ்டமியில் கட்டினாலும் அடையும். எங்கள் தெருவில் ஒருவர் சீட்டு எடுத்த 50,000 ரூபாயை வைத்துக்கொண்டு அந்த முகூர்த்தத்துக்காக 24 நாள் காத்திருந்தார். அன்றாட நிலுவைக்கு வட்டி போடும் பாங்கியானால், 9 சதவிகிதத்தில் அந்தத் தொகைக்கு ஒரு நாள் வட்டி 12 ரூபாய்க்கு மேல். ஆகவே நல்ல நேரத்துக்காக அவர் கொடுத்த கட்டணம் 296 ரூபாய். வட்டி ராகுகாலத்திலும் ஏறுகிறது, எமகண்டத்திலும் ஏறுகிறது, நாம் தூங்கும்போதும் ஏறுகிறது.

சரி, ஒன்றரை லட்சத்துக்கு நாங்கள் எங்கே போவது என்று கேட்பீர்கள். லட்சம் வேண்டியதில்லை. நான் சொன்ன அதே கடனில் மாதம் ஆயிரம் ரூபாய் அதிகம் கட்டினால், 240 மாதத்துக்குப் பதில் 209 மாதத்தில் கடன் தீரும், வட்டியில் சுமார் மூன்றரை லட்சம் மிச்சமாகும். இரண்டாயிரம் கட்டினால் 186 மாதம், மிச்சம் சுமார் ஆறு லட்சம். ஆரம்ப வருஷங்களில் கட்டுவதற்குத்தான் பலன் அதிகம். ஏனெனில் அப்போதுதான் அசல் மலைபோல் நிற்கிறது.

பாங்கிக்காரர் அபராதம் கேட்பாரே என்று பயப்பட வேண்டாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டுவதற்குப் பாங்கிகள் அபராதம் வாங்கக் கூடாதென்று ரிசர்வ் பாங்கி 2012லேயே உத்தரவு போட்டுவிட்டது. நிலையான வட்டிக் கடனானால் பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். கட்டும்போது ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். "இது அசலில் கழிக்க வேண்டும், தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் பாங்கி தன் வட்டியை 4லிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது, பலருடைய தவணைத் தொகை மாறாமலே காலம் மட்டும் வருஷக் கணக்கில் நீண்டுவிட்டது. "தவணை ஏறவில்லை" என்று சந்தோஷப்பட்டார்கள். இம்மாதிரி வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரனைக் கேட்க வேண்டுமென்று 2023 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. கேட்கும் உரிமை வந்திருக்கிறது, அதைக் கேட்கும் ஆட்கள்தான் குறைவு. 2025இல் வட்டி குறைந்தது. அப்படிக் குறையும்போது தவணையைக் குறைத்துக்கொள்ளாமல் பழைய தொகையையே கட்டுகிறவன் புத்திசாலி.

ஆனால் கந்துவட்டியையும் கிரெடிட் கார்டு பாக்கியையும் வைத்துக்கொண்டு வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டுவது மடத்தனம். கார்டு பாக்கிக்கு மாதத்துக்கே நூற்றுக்கு மூன்றுக்கு மேல் வட்டி போகிறது. அதை முதலில் ஒழியுங்கள். மூன்று மாதச் செலவுக்கு ரொக்கமும் கையில் இருக்கட்டும். இல்லையேல் ஒரு காய்ச்சலுக்கு மறுபடி வட்டிக்கடைக்குப் போவீர்கள். "வீட்டுக்கடன் இருந்தால் வருமான வரி மிச்சம்" என்பாரும் உண்டு. ஒரு ரூபாய் வட்டி கட்டி இருபது முப்பது காசு வரி மிச்சம் பிடிப்பது என்ன சிக்கனமோ எனக்கு விளங்கவில்லை. புதிய வரி முறையில், தான் குடியிருக்கும் வீட்டிற்கு அந்தக் கழிவும் இல்லை.

இனி அந்த ஆயிரம், இரண்டாயிரத்துக்கு வழி. அதே தோழரின் மனைவி ரவிக்கை தைக்கிறார். மாவு அரைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கணக்கெழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும் நூல், கரண்டு, வண்டிச் செலவு எல்லாம் கழித்தபின் நிற்பதே வருமானம். "முதலில் பதிவுக் கட்டணம் கட்டு, வீட்டிலிருந்தே லட்சம் சம்பாதிக்கலாம்" என்று எவனாவது செல்போனில் சொன்னால், அவன் சம்பாதிப்பது உங்கள் கட்டணத்தில்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த அம்மையார் மாதம் இரண்டாயிரம் ரூபாயைக் கடனுக்குக் கொடுக்கிறார். பகலெல்லாம் சமையல், பிள்ளைகள், மாமியார். தையல் இரவு பத்து மணிக்குமேல். இந்த ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வேளை அரிசி களைந்து அடுப்பில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? அதையும் விடுங்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று அவரைக் கேட்டேன். "அவங்க பேர்லதாண்ணே" என்றார். கடன் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா என்றேன். "நாலு இடத்துல போட்டேன்" என்றார். பார்த்தீர்களா தோழர்களே! கடனுக்குப் பொறுப்பாளியாக மனைவி வேண்டும், வீட்டிற்கு உடைமைக்காரியாக மனைவி வேண்டாம்! பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டுமென்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாகாண மகாநாட்டில் தீர்மானம் செய்தோம். தமிழ்நாட்டில் 1989இலும், இந்தியா முழுமைக்கும் 2005இலும் பிதிரார்ஜித சொத்தில் மகளுக்குச் சம உரிமை சட்டமாயிற்று. சட்டம் வந்தும், தன் உழைப்பால் அடையும் வீட்டில் மனைவிக்குப் பாத்தியம் எழுதப்படவில்லையென்றால், தீர்மானம் போட்ட நம் வீடுகளிலேயே அப்படியென்றால், யாரைக் குறை சொல்வது?

இனி வாங்குகிறவர்கள் இருவர் பெயரிலும் பத்திரம் எழுதுங்கள். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் தமிழ்நாடு அரசு குறைத்திருக்கிறது. ஏற்கெனவே எழுதிவிட்டவர்கள், பாங்கியின் சம்மதம் பெற்று, மனைவிக்குப் பாதிப் பாகத்தைச் செட்டில்மெண்டாக எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தோழரிடமும் இதைச் சொன்னேன். "யோசிக்கிறேன்" என்றார். ஜோசியரைக் கேட்டு யோசிக்க வேண்டாம், தையல் மிஷினைப் பார்த்து யோசியுங்கள் என்றேன். இன்று அவர் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், அந்த அம்மையாரும் வந்திருக்கிறார்.

கடன் தீர்ந்ததும் அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் பாங்கி திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் பேரில் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டுமென்று 2023 டிசம்பர் முதல் விதி இருக்கிறது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடன் அட்டவணை கையில் கொண்டு வந்திருப்பவர்கள், கூட்டம் முடிந்ததும் வெளித் திண்ணைக்கு வாருங்கள். பேனாவும் காகிதமும் இருக்கின்றன, உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.