வாசகர் நோக்கில் 'அம்மா வந்தாள்'

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



நாவல் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலர் பணித்தபோது, அந்நாவலைப் படித்தவர்கள் சொன்ன கருத்துகளைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். அவர் இசைந்தார். தமிழ் நாவல்கள் குறித்த ஆய்வேடுகள் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கடுக்காக உள்ளன. நான் எழுதியதும் அவற்றுள் ஒன்று. ஆனால், ஒரு நாவலை வாசித்துவிட்டு உறக்கம் வராமல் புரண்டவர், மறுநாள் காலையில் என்ன சொன்னார் என்பது ஆய்வேடுகளில் இடம்பெறுவதில்லை. அத்தகைய பேச்சுக்கு இடம் தந்ததே நம் வட்டத்தின் சிறப்பு எனக் கருதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்'. 1966-இல் வெளிவந்த நாவல். லட்சுமி கிருஷ்ணமூர்த்தி அவர்கள் நடத்திய 'வாசகர் வட்டம்' இதனைப் பதிப்பித்தது. பெயரிலேயே வாசகரைக் கொண்ட ஒரு பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு வாசகர்களிடையே இத்தனை பிணக்கு எழுந்தது ஒரு பொருத்தம்தான். நூலாசிரியர் 1921-இல் பிறந்து 1982-இல் மறைந்தவர். அவர்தம் நூற்றாண்டையொட்டி நம் வட்டத்திலும் ஒரு கூட்டம் நடந்தது. அன்று எழுந்த விவாதம் உங்களுள் பலர்க்கு நினைவிருக்கும்.

கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். காவிரிக் கரையில் பவானியம்மாள் நடத்தும் வேத பாடசாலையில் பதினாறு ஆண்டுகள் படித்தவன் அப்பு. அங்கே, இளமையிலேயே கணவனை இழந்த இந்து அவனை விரும்புகிறாள். சென்னையில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பும் அப்பு, தாய் அலங்காரத்தம்மாளுக்குச் சிவசு என்பவரோடு உள்ள உறவைக் காண்கிறான். தனக்குப் பின் பிறந்த குழந்தைகள் அந்த உறவில் பிறந்தவர்கள் என்பதையும் உணர்கிறான். தந்தை தண்டபாணி ஜோதிடம் அறிந்தவர், வேதாந்தம் கற்றவர்; அவர்க்கும் அனைத்தும் தெரியும். தெரிந்தும் அவ்வீட்டிலேயே இருக்கிறார். மகன் வேதம் கற்று முனிவனைப்போல் திரும்பி வந்தால் அவனால் தன் குறை தீரும் என்று தாய் நம்பியிருந்தாள். அப்பு பாடசாலைக்கே திரும்பிவிடுகிறான். அங்கே அவனைத் தேடி வரும் தாய், அவன் இந்துவோடு இருக்கக் கண்டு, தன் நம்பிக்கை பொய்த்ததை அறிந்து காசிக்குப் புறப்படுகிறாள். ஒரு திருமணம், ஒரு துரோகம், சிதறிய ஒரு குடும்பம்: இவ்வளவே கதை.

இனி வாசகர் கருத்துகளுக்கு வருவோம். இருபது ஆண்டுகளாக வகுப்பறையிலும் நம் கூட்டங்களிலும் நான் கேட்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் நான்கு திசைகளில் செல்கின்றன.

முதலாவது, 'இப்படியும் ஒரு தாய் இருப்பாளா?' என்னும் சீற்றம். சீறுபவர்கள் கெட்டவர்கள் அல்லர். தம் தாயை நினைத்துக்கொண்டு படிப்பவர்கள். இரண்டாவது, இதற்கு நேர்மாறாக, அலங்காரத்தம்மாளைத் தளை அறுத்த பெண்ணாகப் போற்றும் குரல். மூன்றாவது, தண்டபாணியைப் பற்றியது. அவர் ஞானியா, கோழையா என்று நூற்றாண்டுக் கூட்டத்தில் இரு பெரியவர்கள் தேநீர் ஆறும்வரை வாதிட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். நான்காவது, இளம் மாணவியரின் கருத்து. அவர்கள் அலங்காரத்தம்மாளைக் கடந்து இந்துவிடம் செல்கிறார்கள். இந்துவும் அப்புவும் சேர்வதில் அவர்களுக்கு மகிழ்ச்சி.

இந்த நான்காவது கருத்தில் ஒரு வியப்பு உண்டு. அலங்காரத்தம்மாளைக் கடிந்த வாசகர்களுள் பலர், இந்துவுக்கு மட்டும் வாழ்த்துச் சொல்கின்றனர். அப்பு வளர்ந்த உலகின் விதிப்படி இரண்டுமே மீறல்கள். ஒன்றை மன்னித்து ஒன்றைத் தண்டிக்கும்போது நாம் எந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறோம்? பெரும்பாலும், யார் துன்புற்றார்கள் என்னும் அளவுகோலைத்தான். இந்துவின் காதலால் துன்புற்றவராக எவரும் உடனே நம் கண்ணில் படுவதில்லை. அலங்காரத்தம்மாளின் செயலால் துன்புற்றவர் தண்டபாணி என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு சரிதானா என்பதே என் உரையின் கேள்வி.

கவிஞர்கள் நிறைந்த அவை இது. ஆகவே நம் அகமரபை இங்கே நினைவூட்டுவது மிகையாகாது. கணவன் பரத்தையை நாடிச் செல்வதற்கு நம் இலக்கணத்தில் ஒரு திணையே உண்டு. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அவன் திரும்பி வருகையில் தூது செல்லும் பாணனும் கூத்தரும் விறலியும் வாயில்கள் எனப்பெயர் பெறுகின்றனர். அவர்களை மறுப்பதற்கும் ஏற்பதற்கும் தனித்தனித் துறைகள் உள்ளன. ஐங்குறுநூற்றின் முதல் நூறு பாடல்கள், ஓரம்போகியார் பாடியவை, இந்த ஒரு திணைக்கே உரியவை. கணவன் பிழை செய்தால் வருந்தவும் சினக்கவும் இரங்கவும் ஏற்கவும் தமிழ் நமக்குச் சொல் கொடுத்திருக்கிறது. மனைவியின் விலகலுக்கு அகத்திணையில் ஒரு துறையும் இல்லை. ஆகவே 1966-இல் இந்நாவலைக் கையில் எடுத்த தமிழ் வாசகர், சொல்லற்ற ஓர் இடத்தில் நின்றார். சொல் இல்லாத இடத்தில் தீர்ப்புத்தான் விரைந்து வரும்.

சட்டமும் அன்று வேறு வகையில் இருந்துவிடவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு, பிறன்மனை நயந்த ஆடவனை மட்டுமே குற்றவாளி ஆக்கியது. முறையிடும் உரிமை கணவனுக்கே இருந்தது. கணவன் இசைந்தாலும் கண்டும் காணாது விட்டாலும் அது குற்றமே ஆகாது. உச்ச நீதிமன்றம் அப்பிரிவை 2018 செப்டம்பரில் செல்லாது என அறிவித்தது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது இடம்பெறவில்லை. அப்பிரிவின் கண்கொண்டு தண்டபாணியின் வீட்டைப் பாருங்கள். அவர் வாய் திறவாதவரையில் அங்கே எக்குற்றமும் நிகழவில்லை! துரோகம் என்பது கணவனுடைய உடைமைக்கு நேர்ந்த இழப்பு என்று சட்டம் கருதியது. நம் வாசகர்களும் தம்மை அறியாமல் அப்படியே கருதினர். ஆகையால்தான் விவாதம் எப்போதும் தண்டபாணியின் பொறுமையில் வந்து நிற்கிறது.

இதனோடு இன்னொரு நாவலை ஒப்பிடலாம். நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' 1970-இல் வந்தது. மனைவி கார்த்தியாயினி பிரிந்து சென்றபின், நோயுற்ற அனந்தன் நாயர் திருவனந்தபுரத்துத் தெருக்களில் நினைவுகளோடு அலையும் கதை. அங்கே நாம் கணவனின் மனத்துக்குள் இருக்கிறோம். எனவே இரக்கம் எளிதாக அவன் பக்கம் சாய்கிறது. 'அம்மா வந்தாள்' அந்த வசதியை நமக்குத் தருவதில்லை. இங்கே நாம் நிற்பது மகனின் பக்கத்தில். ஆயினும் மகனைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இங்கே நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் முதுகலை மாணவர்க்கு இந்நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதித் தருமாறு பணித்தேன். ஏறக்குறைய எல்லாரும் நான் வகுப்பில் சொன்னதையே திருப்பி எழுதினர். தாய்மைப் படிமம், உளவியல் நோக்கு, மரபும் மீறலும் என்று தலைப்புகள் ஒழுங்காக அமைந்திருந்தன. ஒரு மாணவி மட்டும் தலைப்பே இல்லாமல் நான்கு பக்கங்கள் எழுதியிருந்தார். அலங்காரத்தம்மாள் யாரோடு வாழ்ந்தாள் என்பது தமக்குப் பொருட்டன்று என்றும், சிறுபிள்ளையாக இருந்த அப்புவைத் தன் பாவத்துக்குக் கழுவாயாகப் பாடசாலைக்கு அனுப்பியதே அவள் செய்த துரோகம் என்றும் எழுதியிருந்தார். அப்பு வேதம் படித்தது அப்புவுக்காக அன்று என்ற ஒரு தொடர் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

நான் ஓரத்தில் சிவப்பு மையால் 'மையப்பொருளிலிருந்து விலகல்' என்று எழுதி, பாதிக்கும் குறைவான மதிப்பெண் இட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. கட்டுரையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதுவரை வகுப்பில் வினா எழுப்பிவந்தவர், ஆண்டு முடியும்வரை பின்னர் ஒரு வினாவும் எழுப்பவில்லை. அவர் ஏன் அவ்வாறு எழுதினார், எந்த வீட்டிலிருந்து எந்த விடுதிக்கு எத்தனையாம் வயதில் அனுப்பப்பட்டார் என்பதை நான் கேட்டதே இல்லை. கேட்கத் தோன்றவில்லை. அன்று எனக்கு இந்த நாவலைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

நூற்றாண்டுக் கூட்டத்துக்காக நாவலை மீண்டும் படித்தேன். அது நான்காம் முறை. தாய் காசிக்குப் புறப்படும் இறுதிப் பகுதியை நெருங்கியபோது அந்த மாணவி என் எதிரே வந்து அமர்ந்துவிட்டார். அவர் சொன்னது சரி. தன்னைப் பற்றிய கடுமையான தீர்ப்பை அலங்காரத்தம்மாள் நமக்காகக் காத்திராமல் தானே எழுதிவிட்டாள். சீறும் வாசகர் அவளுக்குப் புதிதாக எத்தண்டனையும் விதிக்க முடியாது. அவளைத் தளை அறுத்தவள் எனப் போற்றும் வாசகரோ, அவள் தன்னையே மன்னிக்கவில்லை என்பதைக் காணாது விடுகிறார். அந்தத் தண்டனையின் ஒரு பங்கைச் சுமந்தவன் பதினாறு ஆண்டுகள் வீட்டைவிட்டு விலகியிருந்த மகன். அவனிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. அவன் கற்ற வேதத்தில் அவனுக்குப் பற்று இருந்தது உண்மை. ஆனால் அது யாருக்காகக் கற்பிக்கப்பட்டது என்பதை அறியும் நாளில் ஒரு மகன் இழப்பது தாயை மட்டுமன்று, தன் இளமைக்கு இருந்த பொருளையும்தான்.

பின்பிறந்த குழந்தைகளையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் கதையில் வருகிறார்கள், உண்கிறார்கள், பள்ளிக்குப் போகிறார்கள். தாய் காசிக்குச் சென்றபின் அவர்கள் என்ன ஆனார்கள் என்று இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒருவர்தான் என்னிடம் கேட்டார். அவர் நம் வட்டத்தின் உறுப்பினர். கூட்டங்களில் பின்வரிசையில் அமர்பவர். இலக்கியம் பயின்றவர் அல்லர். 'அந்தப் பிள்ளைகளுக்கு மறுநாள் யார் சமைத்துப் போட்டிருப்பார்கள்?' என்று அவர் கேட்டபோது சிலர் சிரித்தனர். நானும் புன்னகைத்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஒரு குடும்பம் உடைவதன் இழப்பை அளக்க அதைவிட நேரிய வினா எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அவையோரே, ஒரு நாவலில் துரோகம் இழைத்தவர் யார் என்று நாம் கேட்கும்போது, துரோகத்துக்கு உள்ளானவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறோம். மரபும் சட்டமும் அந்த முடிவை நமக்காக எடுத்து வைத்திருக்கின்றன. அவற்றை மீறி, கதையின் ஓரத்தில் நிற்கும் சிறு உயிரைச் சுட்டிக்காட்டுபவர் எளிய வாசகராகவே பெரும்பாலும் இருக்கிறார். அவர்தம் கருத்து தலைப்பில்லாமல் வரும். சில வேளை கூச்சத்தோடு வரும். அதனை 'விலகல்' என்று ஒதுக்கும் அதிகாரம் என் போன்ற ஆசிரியரிடமும், மூத்த கவிஞரிடமும், கூட்டத் தலைவரிடமும் இருக்கிறது.

எனவே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். நூல் விமரிசனக் கூட்டங்களில் இதுவரை முனைவர்களையும் கவிஞர்களையும் முதலில் பேச அழைத்து வந்துள்ளோம். நாங்கள் பேசி முடித்தபின் பின்வரிசையில் இருப்பவர்க்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகிறது. இருந்தாலும் சொல்லத் துணிவதில்லை. இனி அவர்கள் முதலில் பேசட்டும். நாங்கள் கேட்டுவிட்டுப் பேசுகிறோம்.

அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் இட்ட மதிப்பெண்ணைத் திருத்தும் வழியும் இல்லை. இம்மலர் என்றேனும் அவர் கையில் கிடைக்குமானால், அவர் கட்டுரைதான் அவ்வாண்டின் சிறந்த கட்டுரை என்பதை அவர் அறியட்டும்.