வண்டிப் பட்டறையில் பிறந்த ஸ்கீ

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில்துறை பற்றி ஏதாவது பேசுப்பா, ஆனால் சம்பளம், வெளிநாடு என்று ஆரம்பிக்காதே" என்று செயலாளர் அண்ணன் சொல்லியிருந்தார். அதனால் ஒரு குடும்பத்தின் பட்டறையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அது ஸ்கீ செய்கிற பட்டறை. பனிமலையில் காலில் கட்டிக்கொண்டு சறுக்குவார்களே, அந்த நீளக் கட்டை. நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். நான் ஸ்கீ மாட்டி ஒரு அடி கூட நகர்ந்தவன் இல்லை. ஆனால் வேலை பார்ப்பது காம்போசிட் துறையில். அந்தத் துறையின் பழைய கதைகளைத் தோண்டப் போனால் இந்தக் குடும்பம் வந்து நிற்கிறது.

ஆஸ்திரியாவின் மேல் பகுதியில் ரீட் என்று ஒரு சிறிய ஊர். பெரிய பனிமலை எதுவும் பக்கத்தில் கிடையாது, சுற்றிலும் விவசாயம்தான். அங்கே 1924-இல் யோசப் ஃபிஷர் என்ற வண்டி ஆசாரி பட்டறை போட்டார். கைவண்டி, ஸ்லெட்ஜ், இடையிடையே ஸ்கீ. வண்டி ஆசாரிக்கும் ஸ்கீக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சக்கரத்துக்கு வட்டை, ஆரக்கால் செய்கிறவனுக்கு எந்த மரம் அடி தாங்கும், எதை வளைத்தால் விரிசல் விடாது என்பது கைப்பழக்கம். அங்கே அதற்கு ஆஷ் மரம். ஸ்கீயின் முனையை மேல்நோக்கி வளைக்கவும் அதே மரம், அதே கைதான். குஃப்ஸ்டைன் ஊரில் இருந்த க்னைஸ்ல் குடும்பமும் வண்டிப் பட்டறைக்காரர்கள்தான். பிரான்சில் 1907-இல் ஸ்கீ செய்ய ஆரம்பித்த ஆபெல் ரோசிஞோல், நெசவு ஆலைக்கு மரச் சாமான் செய்துகொண்டிருந்தவர். பஞ்சாலை ஊர்க்காரர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், உங்களுக்கு இது சுவையாக இருக்கும்.

சரி, மரம் தெரிந்தவர்களுக்கு மரத்தை விட்டு வெளியே வருவது எவ்வளவு கஷ்டம் பாருங்கள். ஒற்றை மரத்தில் செதுக்கிய ஸ்கீ ஈரம் பட்டால் முறுக்கிக்கொள்ளும், வளைவு போய்விடும். அதனால் மரத்தைப் பட்டை பட்டையாக ஒட்டினார்கள். பிறகு ஒரு அமெரிக்கர் குறுக்கே வந்தார். ஹோவர்ட் ஹெட் என்று பெயர், பால்டிமோரில் விமானக் கம்பெனி எஞ்சினியர். 1947-இல் ஸ்கீ போட்டுப் பார்த்து, இவ்வளவு கனமான மரத்தையா இன்னும் கட்டிக்கொள்கிறார்கள் என்று எரிச்சல் பட்டிருக்கிறார். விமானத்தில் செய்கிற மாதிரி மேலும் கீழும் அலுமினியத் தகடு, நடுவே லேசான பொருள், சுற்றிப் பசை. முதலில் செய்த ஜோடிகள் எல்லாம் உடைந்தன. திரும்பத் திரும்பச் செய்து, நடுவில் பிளைவுட் வைத்து, ஓரத்தில் எஃகு வைத்து, 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மரப் பட்டறைக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று.

இங்கே இரண்டாம் ஆண்டு தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் "பீம் தியரி" படிக்கிறீர்களே, ஸ்கீ என்பது அதுதான். ஐ பீமில் இரும்பு மேலும் கீழும் இருக்கிறது, நடுவில் மெல்லிசு. அதேபோல் வளையும்போது இழுவிசையும் அழுத்தமும் தாங்குவது மேல்தகடும் கீழ்த்தகடும். நடு மரத்தின் வேலை அவற்றை விலக்கி வைப்பது, வெட்டுவிசையைத் தாங்குவது. அதோடு முடியவில்லை. திரும்பும்போது ஸ்கீ முறுக்கினால் ஓரம் பனியைப் பிடிக்காது, வழுக்கிவிடும். ஆகவே நீளவாக்கில் சுலபமாக வளைய வேண்டும், ஆனால் முறுக்கக் கூடாது. மரத்தில் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க முடியாது. கண்ணாடி இழையில் முடியும்: நீளவாக்கில் போட்டால் வளைவுக்கு, நாற்பத்தைந்து டிகிரியில் போட்டால் முறுக்குக்கு. நான் இன்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போடும் கணக்கு இதுவேதான்.

ஃபிஷர் வீட்டில் அடுத்த தலைமுறை, மகன் சின்ன யோசப், இந்தப் பாதையில் போனார். தகட்டை எதிரி என்று நினைக்காமல் எடுத்துக்கொண்டார். 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் ஏகோன் சிம்மர்மன் டவுன்ஹில் தங்கம் வாங்கியது ஃபிஷரின் உலோக ஸ்கீயில். 1974-இல் ஃபாலூனில் நடந்த உலகப் போட்டியில், சமவெளியில் ஓடும் நீள ஸ்கீயிலும் கண்ணாடி இழை மரத்தை ஜெயித்தது. அது க்னைஸ்ல் செய்தது. அதற்குப் பிறகு ஸ்காண்டிநேவியாவின் மர ஸ்கீப் பட்டறைகள் பல மூடப்பட்டன.

1976-இல் மறுபடியும் இன்ஸ்ப்ரூக். ஃபிரான்ஸ் கிளாமர், ஃபிஷரின் ஆள், நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. முனையில் ஓட்டை வைத்த புது ஸ்கீயைக் கம்பெனி கொடுத்தது. விளம்பரத்துக்கு அருமையான நாள். அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பழகிய ஸ்கீயிலேயே இறங்கினார். 0.33 வினாடியில் பெர்னார்ட் ருஸ்ஸியை முந்தித் தங்கம். மார்க்கெட்டிங்காரர்கள் கேட்டால் வருத்தப்படுவார்கள். எனக்கு இந்தக் கதையில் அவர்தான் சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டுகிற வேலை கைவந்த பிறகு, இதை வேறு எதில் பயன்படுத்தலாம் என்று வீட்டில் யோசித்தார்கள். டென்னிஸ் ராக்கெட் வந்தது. 1991-இல் மிக்கேல் ஷ்டிஷ் விம்பிள்டன் ஜெயித்தது ஃபிஷர் ராக்கெட்டில்தான். இன்னொரு கிளை, விமானப் பாகம். 1989-இல் அதைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து எஃப்.ஏ.சி.சி. என்று பெயர் வைத்தார்கள். முதல் எழுத்து ஃபிஷர். விமானத்தில் தலைக்கு மேலே பெட்டி வைக்கிறோமே, அந்த அறைகள், இறக்கை நுனிகள், ஸ்பாய்லர்கள், எஞ்சின் உறைப் பாகங்கள். ஏர்பஸ்ஸுக்கும் போயிங்குக்கும் போகின்றன. விமான எஞ்சினியர் ஸ்கீ செய்ய வந்தார். ஸ்கீ ஆசாரி வீட்டுப் பட்டறை விமானத்துக்குப் போயிற்று.

ஆனால் விமானத் தொழில் அகோரப் பசி உள்ளது. ஒரு புது விமானத்துக்காகப் பல வருடம் பணத்தைக் கொட்ட வேண்டும், திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். 2009-இல் கம்பெனியின் பெரும் பங்கு சீனாவின் சியான் விமான நிறுவனத்தின் கைக்குப் போனது. 2014-இல் வியன்னா பங்குச் சந்தைக்கு வந்தது. 2016 ஜனவரியில், தலைவர் அனுப்பியது போல ஒரு போலி மின்னஞ்சலை நம்பிக் கணக்குப் பிரிவு சுமார் 5 கோடி யூரோவை வெளியே அனுப்பிவிட்டது. அந்த ஆண்டே தலைவர் பதவி இழந்தார். அப்போது நிர்வாகம் ஆசாரி வீட்டின் கையில் இல்லை.

ஸ்கீயை மட்டும் விடவில்லை. இது எனக்கு இன்னும் புதிராகத்தான் இருக்கிறது, ஏனென்றால் ஸ்கீ ஒன்றும் பத்திரமான வியாபாரம் இல்லை. க்னைஸ்ல் 1980-இல் திவால். அலோய்ஸ் ரோர்மோசர் தொடங்கிய அடாமிக் 1994-இல் திவாலாகி, ஃபின்லாந்தின் ஆமெர் குழுமத்துக்குப் போனது. ரோசிஞோல் 2005-இல் க்விக்சில்வர் என்ற துணிக் கம்பெனிக்கு, பிறகு வேறு கைகளுக்கு. ஒரு குளிர்காலம் பனி பெய்யாவிட்டால் கடைகளில் சரக்கு தேங்கும், அடுத்த ஆண்டு ஆர்டர் வராது. சாமான் நன்றாகச் செய்தாலும் வானம் கைவிடும். நம் விவசாயிக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஃபிஷர் குடும்பத்துக்கும் அடி விழுந்தது. உக்ரைனின் முகாச்செவோ ஊரில் இருந்த அவர்களுடைய பெரிய தொழிற்சாலை, ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த இடம், 2020 அக்டோபரில் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்தது. பருவம் தொடங்கும் நேரம். மறுபடியும் கட்டினார்கள். அந்த நாட்டில்தான் 2022-இல் போர் வந்தது. 2024-இல் கம்பெனிக்கு நூறு வயது. அப்போதும் ஃபிஷர் குடும்பத்தின் சொத்தாகவே இருந்தது.

இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களில் எத்தனை பேர் வீட்டில் லேத் பட்டறை, ஃபவுண்டரி, தறி இருக்கிறது? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். எங்கள் பேட்ச்சில் நிறைய பேர் இருந்தார்கள். "அப்பாவோட பட்டறைக்குப் போறதா, கேம்பஸ்ல வந்த வேலைக்குப் போறதா" என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் விடிய விடியப் பேசுவோம். நான் வேலைக்குப் போனவன். ஆகவே போ, போகாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். லீவுக்குப் போகும்போது அப்பாவிடம், நம்ம பட்டறைக்கு நிஜமாகத் தெரிந்த வேலை எது என்று கேட்டுப் பாருங்கள். "பம்ப் செட் பாகம் செய்யறோம்" என்பார். விடாதீர்கள். அந்தப் பாகத்துக்கு உள்ளே அவர் கை அறிந்தது வேறு ஏதாவது இருக்கும். வார்ப்பா, பினிஷா, அளவா? ஃபிஷர் வீட்டில் அது ஸ்கீ இல்லை, ஒட்டுகிற வித்தை. அதனால்தான் விமானம் வரை போக முடிந்தது.

டீ ரெடி என்று பின்னாலிருந்து சைகை வருகிறது. ஸ்கீயில் வைக்கும் டைட்டனால் தகட்டில் டைட்டானியம் ஏன் இல்லை என்று கேட்க நினைப்பவர்கள் அங்கே வாருங்கள். அது அலுமினியக் கலவை, ரீட் ஊருக்குப் பக்கத்து ரான்ஸ்ஹோஃபனில் உருட்டுகிறார்கள். மிச்சத்தை டீயோடு பேசலாம். வணக்கம்.