கோடை மழை வண்டும் கரும்பின் வேரும்



கடன் கணக்குப் பார்க்க வருகிற இன்ஸ்பெக்டர் வண்டைப் பற்றிப் பிரசங்கம் செய்வானேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்வராயன் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் ஓர் அங்கத்தினர் பயிர்க்கடனுக்குத் தவணை நீட்டிப்புக் கேட்டார். புரட்டாசி மாதத்தில் அவருடைய கரும்பு திட்டுத் திட்டாய் மஞ்சளித்துக் காய்ந்திருந்தது. காலத்தில் தண்ணீர் பாய்ச்சவில்லை என்று நான் குறிப்பு எழுதினேன். அவர் மறுமொழி சொல்லாமல் ஒரு தூரைப் பிடித்து இழுத்தார். அது அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. மண்ணைக் கிளறினதும், பிறைபோல் வளைந்த வெள்ளைப் புழுக்கள் பல அகப்பட்டன. அன்றே என் குறிப்பை அடித்துத் திருத்தினேன். தவறு குடியானவருடையதன்று, பார்க்காமல் எழுதிய என்னுடையதே.

இந்தப் புழுவின் தாய் எது? சித்திரை, வைகாசியில் கோடை மழை பெய்து மண் நனைந்ததும், விளக்கு வைக்கும் நேரத்தில் வேப்பமரத்தைச் சுற்றி இரைச்சலுடன் மொய்க்கும் பழுப்பு வண்டுதான். 1781-ம் வருஷத்திலேயே டென்மார்க் தேசத்துப் பப்ரீஷியஸ் என்னும் சாஸ்திரி இதை விவரித்து எழுதியிருக்கிறார். இப்பொழுது இதற்கு ஹோலோட்ரிக்கியா செரேட்டா என்று பெயர்.

கண்ட வண்டையெல்லாம் சத்துருவென்று எண்ணுதல் கூடாது. தென்னங்குருத்தைத் துளைக்கும் வண்டு கருத்துப் பெருத்து, தலையில் கொம்புடன் இருக்கும். அதன் பெரும் புழு எருக்குழியில் மக்கிய குப்பையைத் தின்று வளர்வது. சாணத்தை உருட்டியும் புதைத்தும் வைக்கும் கருவண்டு நமக்கு உபகாரியே. அதைக் கொல்ல வேண்டாம். நான் சொல்லும் வண்டுக்குக் கொம்பில்லை. நீளம் ஏறக்குறைய முக்கால் அங்குலம். இதன் புழுவுக்குப் பழுப்புத் தலையும் மார்பில் 3 ஜோடிக் கால்களும் உண்டு.

இதன் நடத்தையை அறிந்தால் உபாயம் தானே விளங்கும். வண்டுகள் அந்தியில் மண்ணைவிட்டுக் கிளம்பி, வேப்பிலையைத் தின்று, இணைசேர்ந்து, விடியுமுன் மண்ணுக்குள் திரும்பிவிடும். சில நாட்கள் சென்றபின் பெண் வண்டு மண்ணுக்குள் முட்டையிடும். பொரித்த புழு கரும்பு வேரையும் மணிலாவின் வேரையும் மாதக்கணக்காய்த் தின்னும். பிறகு ஆழத்தில் கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறியும் வெளிவராமல், அடுத்த கோடை மழை வரையில் மண்ணிலேயே உறங்கிக் கிடக்கும். வருஷத்திற்கு ஒரே தலைமுறை. ஆகவே, முட்டையிடுவதற்கு முன்னுள்ள அந்தச் சில இரவுகளே நமக்குக் கிடைக்கும் நல்ல சமயம்.

மழை பெய்த அன்று முதல் தினந்தோறும், வண்டுகள் மரத்தில் அமர்ந்தபின் அடியில் துணி விரித்துக் கிளைகளை உலுக்குங்கள். விழுவனவற்றைப் பொறுக்கி, மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடுங்கள். கோடையுழவு ஆழமாய் உழுதால் மண்ணிலிருப்பவை வெளிவந்து காக்கைக்கும் மைனாவுக்கும் இரையாகும். நீர் வசதியுள்ளவர்கள் கரும்புக்குப் பின் நெல் நட்டால், நீர் நிற்கும் நிலத்தில் புழு பிழைக்காது. 1912-ம் வருஷத்தில் கோயமுத்தூரில் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் இப்புழுவைக் கொல்லும் பூஞ்சணம் ஒன்றைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். அதை உபயோகிக்கும் முறையை விவசாய இலாகாவாரிடம் கேட்டறியலாம்.

ஆனால் ஒருவர் மட்டும் தம் மரத்தை உலுக்கிப் பயனில்லை. வண்டுக்கு வரப்பு தெரியாது. பட்டா நம்பரும் தெரியாது. பக்கத்து மரத்தில் தின்ற வண்டு உங்கள் கொல்லையில் முட்டையிடும். கடனுக்கு ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கிற நாம், கரும்புக்கும் அவ்வாறே நிற்க வேண்டாமா? மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் ஏற்பட்டது தனியொருவர் முயற்சியாலன்று.

எனவே பங்குனி முடியுமுன் உங்கள் சங்கக் கமிட்டி கூடி, ஊரிலுள்ள வேப்பமரங்களைக் கணக்கெடுத்து, எந்த மரம் எந்த வீட்டாருடைய பொறுப்பு என்று எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை நான் வரும்போது கடன் பேரேட்டுடன் அந்த மரக் கணக்கையும் பார்வையிடுவேன்.