திரைக்கு வந்த திருநடனம்



"சினிமாவைப் பத்திப் பேசு, ஆனா ரஜினி, கமல் வேண்டாம்" என்பது செயலாளரின் கட்டளை. அதனால் நம்மில் அதிகம் பேர் பார்த்திராத ஒரு படத்தை எடுத்துக்கொண்டேன். 1979-இல் பீட்டர் புரூக் இயக்கிய 'மீட்டிங்ஸ் வித் ரிமார்க்கபிள் மென்'. பின்னாளில் நம்ம மல்லிகா சாராபாயைத் திரௌபதியாக்கி மகாபாரதம் தந்தாரே, அவரேதான்.

படத்துக்கு மூலம், குர்ஜீஃப் என்ற ஞானாசிரியர் எழுதிய வாழ்க்கை நினைவுகள். ஆர்மீனியாவில் பிறந்தவர், 1949-இல் பிரான்சில் மறைந்தார். உண்மையைத் தேடி ஆசியாவெல்லாம் அலைந்த கதை. எது நடந்தது, எது உருவகம் என்று அவர் பிரித்துக் காட்டவில்லை. படமெடுக்கிறவருக்கு முதல் தலைவலியே இதுதான். கேமரா முன்னால் மலை நின்றால் அது மலைதானே! ஆப்கானிஸ்தானுக்கே போய் எடுத்தார்கள். மலைகள் அற்புதம். ஆனால் அங்கே நின்று இங்கிலீஷில் தத்துவம் பேசும்போது, உள்ளதைச் சொல்கிறேன், மேடை நாடகம் மாதிரித்தான் இருக்கிறது.

நடனத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் ஒரு மடாலயம் வருகிறது. அங்கே ஒரு கருவி, அதற்கு ஏழு கிளைகள், ஒவ்வொரு கிளையும் ஏழு துண்டாக மடங்கும். அது காட்டும் நிலைகளைப் பார்த்து இளம் பெண்கள் அப்படியே நிற்கப் பழகுவார்கள். ஆடுவதை ஏடு போல வாசிக்கலாமாம்.

குர்ஜீஃப் தாம் கற்றுக்கொடுத்த நடனங்களை 1923-இல் பாரிசிலும், 1924-இல் நியூயார்க்கிலும் மேடையேற்றினார். கைக்கு ஒரு கணக்கு, காலுக்கு வேறு கணக்கு, தலைக்கு இன்னொன்று. மனசு கொஞ்சம் அசந்தால் கை தப்பிவிடும். ஆடுகிறவரின் கவனத்துக்கான பயிற்சி அது. அதைப் போய்ப் படம் பிடித்தால் வெறும் வேடிக்கையாகிவிடாதா?

குருவிடம் நேரே பயின்ற ழான் டி சால்ஸ்மான், தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்த அம்மையார், புரூக்கோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார், நடனங்களையும் அவரே கவனித்தார். ஆடியவர்கள் அதில் பயின்ற மாணவர்கள். முகத்தில் பாவம் கிடையாது, புன்னகை கிடையாது. பரதம் பார்த்துப் பழகிய நமக்கு "என்னப்பா, டிரில் மாதிரி இருக்கே" என்றுகூடத் தோன்றும். இரண்டாம் முறை பார்த்தபோது ஒருவரின் கையை மட்டும் கவனித்தேன், அப்புறம் தலையை மட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அவர்கள் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்!

தம்பி தங்கைகளே, படம் கிடைத்தால் வசனத்தை வேண்டுமானால் ஓட்டிவிடுங்கள். கடைசியில் வரும் நடனத்தை ரெண்டு தடவை பாருங்கள்.