சித்திரவதைக் கூடத்துக்கு ஆள் அனுப்பாதே!

(ஆகஸ்டு 30 அன்று ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் பேசியது.)



ஷிப்டு முடிந்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். வயற்சேறு காலில் காயுமுன் வந்திருக்கிறீர்கள். உங்கள் முன்னால், 1983இல் இதே நாளில் ஜெர்மனியில் உயிர்விட்ட ஒரு துருக்கி வாலிபரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சொல்லுகிறேன்.

1980 செப்டம்பர் 12ந் தேதி துருக்கியில் ராணுவத் தளபதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். பார்லிமெண்டைக் கலைத்தார்கள். வேலைநிறுத்தத்தைத் தடை செய்தார்கள். 1967இல் தோன்றிய 'டிஸ்க்' என்ற தொழிற்சங்க சம்மேளனத்தை மூடினார்கள். ஜவுளித் தொழிலாளரும் உலோகத் தொழிலாளரும் சேர்ந்து வளர்த்த சம்மேளனம் அது. அதன் தலைவர்கள் 52 பேருக்கு மரண தண்டனை வேண்டும் என்று ராணுவக் கோர்ட்டில் கேட்டார்கள். நாடெங்கும் சுமார் 6,50,000 பேரைப் பிடித்தார்கள். சுமார் 50 பேரைத் தூக்கிலிட்டார்கள். சித்திரவதையால் மாண்டவர்கள் என்று பதிவானவர்கள் மட்டும் 171 பேர்!

இந்தக் கொடுமைக்குத் தப்பி ஓடியவர்களில் ஒருவர் ஜெமால் கெமால் அல்துன். இடதுசாரி மாணவர். 1981இல் மேற்கு பெர்லின் சேர்ந்து அடைக்கலம் கேட்டார். மேற்கு ஜெர்மன் அதிகாரிகள் என்ன செய்தார்கள்? இந்த ஆள் உங்களுக்கு வேண்டுமா என்று துருக்கிப் போலீசையே விசாரித்தார்கள்! ஆட்டுக்குட்டி தஞ்சம் புகுந்தால் ஓநாய்க்குத் தகவல் சொல்வதா? ஒரு முன்னாள் மந்திரியின் கொலையில் அவருக்குச் சம்பந்தம் உண்டு, ஒப்படையுங்கள் என்று துருக்கி கேட்டது. 1982 ஜூலையில் அவரைப் பிடித்து, 13 மாதம் சிறையில் வைத்தார்கள்.

இங்கேதான் சூது இருக்கிறது, கவனியுங்கள். அவர் அகதிதான் என்று ஒரு இலாகா 1983 ஜூனில் ஒப்புக்கொண்டது. ஆனால், அவரை ஒப்படைக்கலாம் என்று கோர்ட்டும் சர்க்காரும் அதற்கு முன்பே முடிவு செய்திருந்தன. அகதி என்ற அங்கீகாரம் ஒப்படைப்பைத் தடுக்காது என்றது அந்நாட்டுச் சட்டம்! அதுவும் போதாதென்று, அந்த அங்கீகாரத்தையே ரத்து செய்யும்படி சர்க்கார் பிரதிநிதி வழக்குப் போட்டார். அந்த வழக்கின் விசாரணைக்கு ஆகஸ்டு 30ந் தேதி அவரைக் கொண்டுவந்தார்கள். கைவிலங்கை அவிழ்த்தார்கள். திறந்திருந்த ஜன்னல் வழியாக ஆறாவது மாடியிலிருந்து குதித்து அவர் உயிர்விட்டார். வயது 23.

இந்தச் சாவை வெறும் தற்கொலை என்று எழுதிவிட்டுப் போக முடியுமா, தோழர்களே? கீழே இருந்த கல்தரையைவிடத் துருக்கிச் சிறை பயங்கரமாக இருந்ததால் குதித்தார்.

இதே ஜெர்மனி 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை அழைத்தது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல், இஸ்தான்புல்லில் அவர்களுடைய பல்லையும் உடம்பையும் டாக்டர்கள் சோதித்துப் பார்த்து அனுப்பினார்கள். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் ஆள் வேண்டியபோது கதவு திறந்தது. உயிருக்குப் பயந்து ஒருவர் வந்தபோது கைவிலங்கு காத்திருந்தது. இரண்டு சர்க்கார்களும் நேட்டோ ராணுவக் கூட்டில் பங்காளிகள். பங்காளியின் மனம் நோகக்கூடாதல்லவா!

"கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரை விசாரிக்கக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். விசாரிக்கட்டும். சாட்சியம் இருந்தால் நேர்மையான கோர்ட்டில் வைக்கட்டும். ஆனால் அடித்து வாங்கும் வாக்குமூலம் சாட்சியமாகாது. போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்டு, செய்யாத திருட்டை ஒப்புக்கொண்ட ஏழையின் கதை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்! உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

அவருடைய சவ ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்த ஆண்டு முடியுமுன், லெபனானுக்குத் திருப்பி அனுப்பப்பட இருந்த பாலஸ்தீனக் குடும்பங்களுக்கு பெர்லினில் ஒரு தேவாலயம் இடம் கொடுத்துக் காத்தது. அதைப் பார்த்து வேறு பல தேவாலயங்களும் கதவைத் திறந்தன. 1996இல் அந்தக் கோர்ட்டின் அருகே அல்துனுக்கு நினைவுச் சின்னம் எழுந்தது. ஆட்சியைப் பிடித்த தளபதி எவ்ரென் 2014இல் ஆயுள் தண்டனை பெற்றார். ஆனால் போன உயிர் போனதுதான். ஆகவே, கண்டனக் குரல் சவ ஊர்வலத்தில் அல்ல, ஒப்படைப்பு உத்தரவு வரும் நாளிலேயே எழ வேண்டும்.

இப்போது நம் வீட்டு வாசலைப் பார்ப்போம். சித்திரவதைக்கு ஆளாகும் ஆபத்து உள்ள நாட்டுக்கு எவரையும் ஒப்படைக்கக் கூடாது என்று 1984ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை சொல்லுகிறது. இந்திய சர்க்கார் 1997இல் அதில் கையெழுத்திட்டது. கையெழுத்திட்டதோடு சரி; அதை ஏற்று உறுதி செய்யவில்லை. கடன் பத்திரத்தில் நாம் கைநாட்டு வைத்தால் வட்டிக்காரன் விடுவானா? சர்க்காரின் கையெழுத்துக்கு மட்டும் மதிப்பில்லையா?

சம்பந்தம் என்ன என்று ஆரம்பத்தில் கேட்டேன். சங்கம் வைத்தவர்களை வேட்டையாடிய ஆட்சி அது. அதனிடம் ஓர் அகதியைப் பிடித்துக் கொடுப்பது, நம் வர்க்கத்தில் ஒருவரைக் காட்டிக்கொடுப்பதாகும். நம் ஆலை வாசலில் கருங்காலியை அனுமதிப்போமா? உலகத்தின் வாசலிலும் அனுமதிக்க மாட்டோம்!

ஒவ்வொரு சங்கத்திலும் கிராமக் கிளையிலும் தீர்மானம் போடுங்கள். உடன்படிக்கையை உறுதி செய் என்று சர்க்காரைக் கேளுங்கள். எந்த நாட்டு அகதியானாலும் சரி, எந்த மதத்தினரானாலும் சரி, சித்திரவதைக் கூடத்துக்கு ஆள் அனுப்பாதே என்று முழங்குங்கள்!

தோழர் அல்துன் நினைவு வாழ்க! உழைக்கும் மக்களின் சர்வதேச ஒற்றுமை ஓங்குக!